லால்பாக்கில் மார்ச் முதல் வாரம்: டெங்குவிலிருந்து தேறிவரும் அம்மாவுக்கு மெதுநடை. எந்த வாசல், எவ்வளவு நேரம்?

சேலத்துப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயது. டெங்கு வந்து சரியாகி ஆறு வாரம் ஆகிறது. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி, களைப்பு மட்டும் விடவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்து முகமே வாடிவிட்டது. சமதரையில் அரை மணி நேரம் வரை நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வலது முழங்காலில் பழைய தேய்மானம் உண்டு. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, பிரஷருக்கு ஒரு மாத்திரை.

மார்ச் முதல் வாரம் பெங்களூரு ஜெயநகரில் நாலு நாள் தங்குகிறோம். அங்கே லால்பாக் தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று எண்ணம். எந்த வாசல் வழியாகப் போவது, எத்தனை மணிக்கு, எதைப் பார்ப்பது, எதை விடுவது? மலர்க் கண்காட்சி முடிந்துவிட்டதால் இப்போது போய்ப் பயனில்லை என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா? இடம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

புங்கைநிழல்

கண்காட்சி இல்லாததுதான் உங்களுக்கு நல்லது. ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டியும் ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டியும் அங்கே உள்ளே நுழைவதே திருவிழாத் தேரோட்டம் மாதிரி இருக்கும். உடம்பு தேறுகிறவரைக் கூட்டிப்போகிற நேரம் அது இல்லை. மார்ச் முதல் வாரத்தில், அதுவும் செவ்வாய், புதன், வியாழன் என்றால் பெஞ்ச் காலியாகக் கிடைக்கும். தேறுகிறவருக்குப் பூவைவிடப் பெஞ்ச் முக்கியம்.

முதலில் ஒன்று. தோட்டம் மொத்தம் 240 ஏக்கர். அதைச் "சுற்றிப் பார்ப்பது" என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். டாக்டர் சொன்ன அரை மணி என்பது நடக்கிற நேரம். அம்மா நிதானமாக நடந்தால் நிமிடத்துக்கு 50 மீட்டர் போவார். ஆக மொத்தமே ஒன்றரை கிலோமீட்டர்தான் கையிருப்பு, அதில் திரும்பி வருவதும் அடங்கும்.

ஜெயநகரில் இருந்து மேற்கு வாசல்தான் வசதி. மெட்ரோவில் பச்சை வழித்தடத்தில் ஜெயநகரில் ஏறினால் சவுத் எண்ட் சர்க்கிள், அடுத்தது லால்பாக். ஆனால் பலர் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான். மெட்ரோ நிலையம் உயரத்தில் இருக்கிறது. லிஃப்ட் இருந்தாலும் நடைமேடை, கீழே உள்ள கூடம், வெளியே சாலை, வாசல் என்று உள்ளே நுழையும் முன்பே எட்டுப் பத்து நிமிட நடை போய்விடும். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு வாகன இரைச்சலுக்குள் செலவாகும். ஆட்டோவிலோ காரிலோ வாசல் வரை வந்து இறங்குங்கள்.

நேரம்: தோட்டம் காலை 6 மணிக்குத் திறக்கும், மார்ச் தொடக்கத்தில் சூரியன் எழுவது 6.30 வாக்கில். ஆறு மணிக்குப் போனால் மரத்தடி இருட்டாக இருக்கும், வேர் தடுக்கும், வேகநடைக்காரர்கள் பின்னாலிருந்து கையை வீசிக்கொண்டு வருவார்கள். 7.15-க்கு உள்ளே நுழைந்து 8.45-க்குள் வெளியே வருகிற மாதிரி வையுங்கள். அதற்குள் வெயில் சாய்வாக இருக்கும், குளிரும் உடம்பில் ஏறாது. பத்து மணிக்கு மேல் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும், மதியம் 32 டிகிரி வரை போகும். அதிகாலை நடையருக்குக் கட்டணம் இல்லாத நேரம் உண்டு, அதன் பிறகு டிக்கெட். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் கண்ணாடி மாளிகைப் பக்கம், இன்னொரு நாள் ஏரிப் பக்கம். இரண்டையும் ஒரே காலையில் சேர்க்க வேண்டாம். மேற்கு வாசலில் இருந்து இரண்டுமே கிட்டத்தட்ட சமமான நடைதான். நடுவில் ஒரு நாள் கண்டிப்பாக ஓய்வு. நாலு நாளில் இரண்டு நடை போதும்.

பேட்டரி வண்டி ஓடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓடும். ஆனால் காலை ஏழரை மணிக்கு அதை நம்பித் தோட்டத்தின் நடுவரைக்கும் போய்விடாதீர்கள். கழிப்பறை வாசல்களுக்கு அருகில் இருக்கிறது, உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதை முடித்துவிட்டால் பாதி வழியில் தவிக்க வேண்டாம்.

மாசித்தளிர்

பயனில்லை என்று சொன்னவர் பூத்தொட்டியைப் பார்க்கப் போனவராக இருப்பார். மரம் பார்க்கிறவர்களுக்கு மார்ச் முதல் வாரம்தான் உச்சம்.

நம் பஞ்சாங்கப்படி மாசி, பங்குனி பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்க வேண்டும். ஆனால் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூரில் மரங்கள் பஞ்சாங்கத்துக்குக் காத்திருப்பதில்லை. பிப்ரவரி கடைசியிலேயே தளிர் வந்துவிடும். மழையே இல்லாத வறண்ட மாதத்தில் எப்படித் தளிர்க்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வரும். இலை உதிர்ந்ததும் மரம் ஆவியாக்குகிற நீர் நின்றுபோகிறது. ஆழ வேர் இழுக்கிற நீர் தண்டில் திரும்ப நிறைகிறது. பகல் நீள்கிறது. அந்த நீரை வைத்துக்கொண்டுதான் மொட்டு விரிகிறது. அதனால் காய்ந்த புல்தரைக்கு மேலே பச்சைப்பசேல் என்று புங்கை நிற்கும். அந்தப் பச்சை இரண்டு வாரம்தான். எண்ணெய் தடவின மாதிரி மின்னும், பிறகு சாதாரணப் பச்சையாகிவிடும்.

அம்மாவை ஒரு அரசமரத்தின் கீழே நிறுத்திக் காட்டுங்கள். பழைய இலை விழுந்து புதுத்தளிர் செம்பு நிறத்தில் வந்திருக்கும். கிள்ள வேண்டாம், தாழ்ந்த கிளை ஒன்றில் விரலால் தொட்டுப் பார்த்தாலே போதும். ஈரத்துணி போலத் துவண்டு இருக்கும், விறைப்பே இருக்காது. அசோக மரத்திலும் அப்படித்தான். நெட்டிலிங்கத்தை அசோகம் என்று சொல்கிறோமே, அது வேறு. இது உண்மையான அசோகம். தளிர் கொத்தாகத் தலைகீழாகத் தொங்கும், வாடிவிட்டதோ என்று தோன்றும். வாடவில்லை. இலை விறைப்பதற்கும் பச்சையம் நிறைவதற்கும் முன்னால் நீட்டி வளர்ந்துவிடுகிறது. அதே மரத்தில் கிளையை ஒட்டி ஆரஞ்சு நிறப் பூங்கொத்து இருக்கும். புதுசாக மலர்ந்தது மஞ்சள், நாள் ஆக ஆகச் சிவக்கும். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருந்தால் வெவ்வேறு நாளில் மலர்ந்தவை என்று அர்த்தம்.

பூ என்றால் டபேபூயா. இலையே இல்லாத கிளையில் மஞ்சள் ஊதுகுழல் பூ கொத்துக் கொத்தாக நிற்கும். ரோஸ் நிறத்தது இன்னொரு வகை, தொண்டையில் மட்டும் மஞ்சள் தீற்றல் இருக்கும். ஒரு மரம் முழுக்கப் பூத்து நிற்பது ஒரு வாரம், பத்து நாள். நடுவில் கோடைமழை ஒன்று அடித்தால் ஒரே ராத்திரியில் மொத்தமும் தரையில். அதனால் "இந்த மரம் பூத்திருக்கும்" என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. புரசும் முள்ளிலவும் இதே பருவத்தில்தான். முள்ளிலவப் பூ கையளவு, தடித்த சிவப்பு இதழ், விழும்போது 'தொப்' என்று சத்தம் கேட்கும். மேலே அண்ணாந்து தேடுவதைவிடத் தரையைப் பார்த்து நடந்தால் மரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அம்மாவின் கழுத்துக்கும் நல்லது.

ஒரு மரம் முடிந்தால் இன்னொன்று என்று வருடம் முழுக்க ஊர் பூத்துக்கொண்டே இருக்கட்டும் என்று சாலை மரங்களைத் தேர்ந்து வைத்தவர் கிரும்பிகல் என்ற ஜெர்மானியர். லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, 1908-க்குப் பிறகு லால்பாக்கைப் பொறுப்பெடுத்து நடத்தினார். அவருக்கு முன்னால் இருந்த ஜான் கேமரூனுக்கு நம் சமையலறையும் கடன்பட்டிருக்கிறது. சௌசௌவை இந்தத் தோட்டத்தில் கொண்டுவந்து பரப்பியவர் அவர்தான். பெங்களூர் கத்தரிக்காய் என்று சேலத்திலும் சொல்வீர்களே, அந்தப் பெயர் அப்படி வந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

ஆறாம்நிமிடம்

இரண்டு பேரும் நல்ல விவரம் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு சம்பந்தமானதை மட்டும் சேர்க்கிறேன். அம்மாவைப் பார்க்கும் டாக்டர் சொன்னதற்கு மேலே இதை வைக்க வேண்டாம்.

அரை மணியை ஒரே மூச்சில் நடக்க வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் நடை, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் உட்கார்வது, இப்படி ஆறு முறை. களைத்த பிறகு உட்கார்ந்தால் அது தாமதம். களைப்பு வரும் முன்பே உட்கார வேண்டும். "இன்னும் கொஞ்சம் போகலாம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவரே சொல்வார். அங்கேதான் தவறுவது. காய்ச்சலுக்குப் பிந்தைய களைப்பு பல சமயம் நடக்கும்போது தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் கைகால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். முதல் நடையில் அனுமதித்த அரை மணியில் 20 நிமிடம் மட்டும் செலவழியுங்கள். 48 மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறார் என்று பார்த்து இரண்டாவது நடையை முடிவு செய்யுங்கள்.

வேகம் சரிதானா என்று பார்க்க வாட்ச் வேண்டாம். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் அம்மாவால் சொல்ல முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்றால் வேகம் அதிகம், உட்கார வையுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு அடங்காமல் இருப்பது எது வந்தாலும் நடை அத்தோடு முடிந்தது, மருத்துவ உதவிதான்.

கிளிமிபிரைடு விஷயம் கவனம். காலை உணவோடு போடுகிற மாத்திரை அது. மாத்திரையை 6.30-க்குப் போட்டுவிட்டு, டிபனை நடை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் பூங்கா நடுவில் சர்க்கரை இறங்கும். வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல் இவைதான் அடையாளம். எளிய வழி: இரண்டு இட்லியோடு வழக்கம்போல மாத்திரையை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது. அதற்காகத்தான் 7.15 நல்ல நேரம். பையில் குளுக்கோஸ் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், ஒரு சின்ன டப்பாவில் இருக்கட்டும். அறிகுறி வந்தால் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடம் உட்கார வையுங்கள். கருவி இருந்தால் மறுபடி பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. தேறிய பிறகும் ஏதாவது திட உணவு கொடுத்துவிட்டு நேராக வீடுதான். மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். எழும் முன் பாதத்தைப் பத்து தடவை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். எழுந்ததும் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நிற்க வேண்டும், பிறகுதான் அடி எடுத்து வைப்பது.

டபுள்ரோடு

மேற்கு வாசல் சரிதான், ஆனால் போன வழியே திரும்பி வருவது அலுப்பு. மேற்கு வாசலில் நுழைந்து கண்ணாடி மாளிகை பார்த்துவிட்டு முதன்மை வாசல் வழியே வெளியே போனால் லால்பாக் சாலையில் எம்டிஆர் பக்கத்திலேயே இருக்கிறது. 1924-ல் தொடங்கிய சாப்பாட்டுக் கடை. ரவா இட்லி இரண்டாம் உலகப்போர் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் அங்கே பிறந்தது என்று சொல்வார்கள். வண்டியை அந்தப் பக்கம் வரச் சொன்னால் வேலை முடிந்தது. வழியில் பாறையையும் பார்க்கலாம். முன்னூறு கோடி வருடத்துப் பாறை, மேலே பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவின் கோபுரம். அதை விட்டுவிட்டு லால்பாக் போனேன் என்று சொல்ல முடியுமா?

புங்கைநிழல்

@டபுள்ரோடு, திடமாக இருப்பவர்களுக்கு உங்கள் வழி அருமை. இவர்களுக்கு வேண்டாம் என்பேன், காரணம் இருக்கிறது. ஒருவழி நடையில் பாதியில் களைத்தால் முன்னாலும் பாதி, பின்னாலும் பாதி. போய்த் திரும்புகிற வழியில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் வந்த தூரம்தான் பாக்கி, வழியில் எங்கே பெஞ்ச் என்பதும் தெரிந்திருக்கும். கையிருப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டால் தப்பாது. கண்ணாடி மாளிகை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் சரி.

எம்டிஆரில் வார நாளிலும் காத்திருக்க வேண்டி வரும். நடந்து களைத்தவரைக் கூட்டத்தில் நிற்க வைப்பது நடை தந்ததை வட்டியோடு வாங்கிக்கொள்ளும். வேறொரு நாள் சாயங்காலம் தனியாகப் போங்கள்.

பாறை விஷயம்: ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்கு வினை. தேய்ந்த மூட்டு உள்ளவர் சரிவில் இறங்கும்போது முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் பல மடங்காகும். அதோடு பாறை மேல் மெல்லிய மணல் பொடி இருக்கும், காலைப் பனி படிந்தால் செருப்பு வழுக்கும். கீழே நின்று, பாறையில் ஓடும் வெள்ளை, சாம்பல் வரிகளைப் பார்த்தால் போதும். உருகியும் அழுத்தப்பட்டும் மடிந்த பாறை அது, மடிப்பு கண்ணுக்கே தெரியும். பாறை அவ்வளவு முக்கியம் என்றால் கடைசி நாள் முதன்மை வாசலில் இறங்கி, அடியில் நின்று பார்த்துவிட்டு அதே வண்டியில் ஏறிவிடலாம். பத்து நிமிட வேலை.

கண்ணாடி மாளிகை பற்றி ஒரு வரி. 1889-ல் அடிக்கல் நாட்டியது, லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடிக் கட்டடத்தை மனதில் வைத்துக் கட்டியது. கண்காட்சி இல்லாத நாளில் உள்ளே பெரும்பாலும் வெறிச்சென்று இருக்கும். ஏமாற வேண்டாம், வெளியே இருக்கும் பெஞ்சுகளுக்காகத்தான் அங்கே போகச் சொன்னது.

குக்குறுவான்

யாரும் சொல்லாத ஒன்று: கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்த பின் இரண்டு மணி நேரமும் இருட்டும் முன் சில மணி நேரமும்தான் அதற்கு உச்சம். நீங்கள் போகப்போகும் நேரமும் அதுவேதான். ஒருமுறை வந்த டெங்கு வைரஸ் வகை திரும்ப வராது, ஆனால் மொத்தம் நான்கு வகை. இரண்டாவதாக வேறு வகை தொற்றினால் தீவிரமாகும் ஆபத்து அதிகம். மார்ச்சில் மழை இல்லாததால் கொசு குறைவுதான். ஆனாலும் வெட்டின மூங்கில் முளை, மரப்பொந்து, செடித்தொட்டித் தட்டு எதில் வேண்டுமானாலும் ஒரு வாய்த் தண்ணீர் நின்றால் அதற்குப் போதும். முழுக்கை, கணுக்கால் மூடும் சாக்ஸ், வெளிர் நிற உடை. விரட்டி களிம்பு கணுக்காலிலும் முழங்கை பின்புறமும் தடவ மறக்க வேண்டாம், கடிப்பது பெரும்பாலும் அங்கேதான். வெயிலுக்குக் கிரீம் போடுவதாக இருந்தால் அது முதலில், கொசு விரட்டி அதன் மேல். மூங்கில் புதர் ஓரத்துப் பெஞ்சைத் தவிர்த்து, காற்றோட்டமும் கொஞ்சம் வெயிலும் படுகிற பெஞ்சைப் பிடியுங்கள்.

இரண்டாவது மலைத்தேனீ. உயர்ந்த மரக்கிளையின் அடியில் அதன் கூடு அரைவட்டமாகக் கறுப்பாகத் தொங்கும். பூக்கள் அதிகமாக இருக்கும் மாதங்களில் கூடுகளும் அதிகம். அதன் பாட்டுக்கு விட்டால் ஒன்றும் செய்யாது. கழுகு உரசினாலோ, யாராவது கல் எறிந்தாலோ, கீழே புகை போட்டாலோதான் ஆபத்து. உட்காரும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அடர்ந்த வாசனை எண்ணெய், சென்ட் வேண்டாம். ஒன்றிரண்டு தலையைச் சுற்றினால் கையை வீசாமல் நடந்து விலகுங்கள். கூட்டமாக வந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஏதாவது கட்டடத்துக்குள் அல்லது வண்டிக்குள் போக வேண்டும். ஏரியில் இறங்கக்கூடாது. கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே எடுங்கள். எப்படி எடுப்பது என்று யோசிக்கிற நேரத்தில் விஷம் உள்ளே போகும்.

இப்போது நல்ல விஷயம். ஏரி நடைக்குக் கண்ணைவிடக் காதைத் தயார் செய்யுங்கள். மார்ச் தொடக்கத்தில் செம்மார்புக் குக்குறுவான் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பாத்திரக் கடையில் செம்பு தட்டுகிற மாதிரி 'டொக், டொக், டொக்' என்று ஒரே சீராகத் தட்டும். வெயில் ஏற ஏறத் தட்டுவது கூடும். தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் ஒரே பறவை இரண்டு இடத்தில் இருப்பது போலக் கேட்கும். 'குட்ரூ குட்ரூ' என்று ஓயாமல் கேட்பது அதன் பெரிய உறவு, பச்சை உடம்பு, கன்னத்தில் வெள்ளை. இலைக்குள் இருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது, முயலவும் வேண்டாம். குயில் அப்போதுதான் குரலெடுக்கத் தொடங்கியிருக்கும்.

கரையில் மடையான் என்ற கொக்கு நிற்கும். நின்றால் மண் நிறம், பறந்தால் திடீரென்று வெள்ளை. நீர்ச்செடி ஓரத்தில் நீலத் தாழைக்கோழி சிவந்த நீளக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, தண்டை ஒரு காலால் பிடித்துக் கிளி மாதிரிக் கடிக்கும். அம்மா அதைப் பத்து நிமிடம் பார்ப்பார் என்று நம்பலாம். பைனாகுலர் இல்லாமலே தெரியும் தூரத்தில்தான் இருக்கும்.

சேலத்துப்பொண்ணு

எல்லாருக்கும் மிக்க நன்றி. கொசு என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, அம்மாவிடம் கைத்தடி இருக்கிறது, வலது முழங்கால் வலி என்பதால் வலது கையில்தான் பிடிக்கிறார். ஏரிக்கரை நடைக்கு அது போதுமா? இரண்டு, மனசு லேசாகத்தான் முக்கியமாகக் கூட்டிப்போகிறோம். அதற்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா? தியானம் மாதிரி?

மாசித்தளிர்

தியானம் வேண்டாம். செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்றாலே அம்மா அதைச் சரியாகச் செய்கிறோமா என்று கவனிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஸ்டீஃபன் கேப்லன், ரேச்சல் கேப்லன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1980-களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். முயன்று செலுத்துகிற கவனம் வற்றக்கூடியது. பரிசோதனை முடிவு, மாத்திரை நேரம், ஃபோன் எல்லாம் அதைத்தான் குடிக்கின்றன. இலை அசைவது, தண்ணீரில் வெளிச்சம் நடுங்குவது போன்றவை நாம் முயலாமலே கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் மனதை முழுதாக அடைத்துக்கொள்ளாது. அந்த நேரத்தில் வற்றினது ஊறுகிறது என்பது அவர்கள் கருத்து. 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வும் பிரபலம். பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள். சின்ன ஆய்வுதான், மரம் பார்த்தால் வியாதி போகும் என்று யாரும் அதை நீட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர்கள் நடக்கக்கூட இல்லை, படுத்துக்கொண்டு பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே ஒரே ஒரு பெஞ்சில் பதினைந்து நிமிடம். ஃபோன் பைக்குள், அடிகளை எண்ணும் வேலை வேண்டாம். நீங்கள்தான் பேசாமல் இருக்க வேண்டும், "அங்க பாரும்மா" என்பதும் ஒரு வேலை வைப்பதுதான். தளிர்விட்ட மரம் எதிரே, பின்னால் வேறு மரமோ சுவரோ இருக்கும்படி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் உடம்பு தளராது. படம் எடுப்பதானால் கிளம்பும்போது ஒன்று.

திருவக்கரையில் இருந்து கொண்டுபோன கல்மரத் துண்டு, அதாவது கல்லாகிப்போன பழைய மரத்தின் துண்டு ஒன்றும் தோட்டத்தில் இருக்கிறது. வழியில் பட்டால் பாருங்கள், தேடிப் போக வேண்டாம்.

ஆறாம்நிமிடம்

கைத்தடி இடது கையில். எந்தக் கால் வலிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். வலது கால் முன்னே போகும்போதே தடியும் முன்னே போக வேண்டும், அப்போதுதான் உடம்பின் எடையில் ஒரு பங்கு மூட்டில் இருந்து கைக்கு மாறும். வலது கையிலேயே பிடித்தால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, வலிக்கிற மூட்டின் மேலேயே இன்னும் பாரம் ஏறும். இது மிகச் சாதாரணமாக எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு. ஊரிலேயே இப்போதிருந்து மாற்றிப் பழக்குங்கள். பூங்காவில் போய் முதல்முறை மாற்றினால் கால் பின்னும்.

உயரம்: நடக்கிற செருப்போடு நேராக நிற்கவைத்துக் கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். பிடித்தபின் முழங்கை லேசாக மடங்கும். நீளமான தடி தோளைத் தூக்கும், குட்டையானது முன்னால் குனிய வைக்கும்.

ஏரிக்கரைப் பாதைக்கு அது போதும், நடுவில் நடந்தால். ஓரத்தில் வேர் புடைத்த இடங்களிலும் உதிர்ந்த டபேபூயா பூ நசுங்கிக் கிடக்கும் இடங்களிலும் தடி வழுக்கும். அடியில் இருக்கும் ரப்பர் முனையைத் திருப்பிப் பாருங்கள், வளையம் வளையமாக வரி தெரிய வேண்டும். வழவழவென்று தேய்ந்திருந்தால் மெடிக்கல் ஷாப்பில் முனை மட்டும் தனியாகக் கிடைக்கும். தடியின் சுற்றளவைப் பார்த்து வாங்கி, கிளம்பும் முன் மாட்டி இரண்டு நாள் வீட்டிலேயே நடக்க விடுங்கள்.